எட்டு சிலிண்டர் சிக்கனம்

தர்மேந்திரன் சங்கத்துக்கு எழுதிய கடிதம் நாலே வரிதான். வேனின் ஹெட் கேஸ்கட் போய்விட்டது, இஞ்சினுக்குள் தண்ணீர் இறங்குகிறது, மாற்றினால் ஓடும், சீக்கிரம் மாற்றித் தாருங்கள். இதைப் படித்துப் புரிந்துகொள்ளச் சங்கத்துக்கு ஐந்து வாரம் பிடித்தது. ஐந்து வாரம் கழித்துப் பொன் எழுத்துத் தலைப்புப் போட்ட தாளில் பதில் வந்தது:

"ஆறு சிலிண்டர் மற்றும் எட்டு சிலிண்டர் கார்களின் எரிபொருள் சிக்கனத்தை ஒப்பிட்டு ஆராயும் உயர்நிலைக் குழுவின் சோதனை ஓட்டுநராகத் தாங்கள் நியமிக்கப்பட்டுள்ளீர்கள் என்பதைப் பெருமகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

தர்மேந்திரன் அதை மூன்று முறை படித்தார். தாளைத் திருப்பியும் பார்த்தார். வேன் என்ற சொல் எந்தப் பக்கத்திலும் இல்லை.

"என்னடா சூரட்டு வந்திருக்கு, கடுதாசில என்ன போட்டிருக்கு? கேஸ்கட்டு குடுக்கறாங்களா?" என்று உள்ளேயிருந்து கேட்டார் அவருடைய அக்கா மங்களம்.

"இல்லக்கா. எனக்கு உத்தியோக உயர்வு குடுத்திருக்காங்க."

சங்கத்தின் முழுப்பெயர் பேராக் பால்வெட்டு வம்சாவளியினர் நல்வாழ்வு மேம்பாட்டு முன்னேற்றக் கூட்டுறவுச் சங்கம். ஒரே மூச்சில் சொல்லி முடிப்பதற்கு நல்ல நுரையீரல் வேண்டும். புக்கிட் தெராத்தாய் தோட்டத்தில் ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்து, தொழிலாளர் லயங்களை இடித்து, ஆட்களைத் தாமான் என்னும் புதுக் குடியிருப்பின் தீப்பெட்டி வீடுகளுக்கு அனுப்பிய காலத்தில், நமக்கென்று ஒன்று இருக்கட்டும் என்று பால்வெட்டுக்காரர்கள் சேர்ந்து தொடங்கியது. இன்று ஈப்போவில் அதற்கு மூன்று மாடி. லிஃப்ட் கூட உண்டு. லிஃப்டில் ஏறிப் போய்த் தலைவரைப் பார்க்க முடியாது, அது வேறு விஷயம்.

அந்த மூன்று மாடிச் சங்கம் உறுப்பினர்களுக்காகச் செய்த ஒரே உருப்படியான காரியம் அந்த வேன்தான். தாமானில் சிறுநீரகம் பழுதான நாலு பேர் இருந்தார்கள். செவ்வாய், வியாழன், சனி, வாரம் மூன்று நாள், காலை பதினோரு மணிக்கு ஈப்போவில் டயாலிசிஸ். நாலு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு, துவைத்துப் பிழிந்த துணியாக வெளியே வருவார்கள். தர்மேந்திரன் அவர்களைக் கொண்டு போய்க் கொண்டு வருவார். நாலு பேரில் ஒருவர் மங்களம். இன்னொருவர் உடையப்பன். தோட்டத்தில் ரப்பர் பால் லாரி ஓட்டிய மனிதர். சர்க்கரை நோய் வலது காலை முழங்காலுக்கு மேலேயே வாங்கிக்கொண்டுவிட்டது. சக்கர நாற்காலியில்தான் வாசம்.

வேன் படுத்த பிறகு மற்ற இரண்டு பேரும் எப்படியோ பஸ்ஸைப் பிடித்தார்கள். மங்களத்தைத் தர்மேந்திரன் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். ஒற்றைக் காலோடு உடையப்பனை மோட்டார் சைக்கிளில் ஏற்ற முடியாது. பஸ்ஸில் படி ஏற முடியாது. வாடகைக் கார் பிடித்தால், நாற்காலியை வாசலில் பார்த்ததும் வண்டி நிற்காமலே போய்விடும். தாமானில் காய்கறி விற்கும் சீனர் ஒருவர்தான் இரக்கப்பட்டுக் கீரைக் கட்டுகளுக்கு நடுவில் அவரை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் விட்டுக்கொண்டிருந்தார்.

நிலைமை இது. இந்த நிலைமையில்தான் சங்கம் சிலிண்டர் எண்ணப் புறப்பட்டது.

முதல் கூட்டத்தில் தர்மேந்திரன் நேராகக் கேட்டார். "அண்ணே, வேன் விஷயம் என்னாச்சு?"

செயலாளர் அர்ச்சுனன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எந்தக் கேள்விக்கும் அவர் முதலில் கண்ணாடியைத்தான் துடைப்பார். "தர்மேன், வண்டி சம்பந்தப்பட்ட எல்லாமே வாகனக் குழுவுக்கு வந்தாச்சு. குழுவுக்கு ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு, தலைவர் டத்தோவுக்குப் புதுக் காடி. ரெண்டு, ஒன்னோட வேன். ஒண்ணு முடியாம ரெண்டுக்குப் போனா அது என்ன வரிசை? கூட்ட ஒழுங்குன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"நாலு உசுருண்ணே."

"அதனாலதான் சொல்றேன், சீக்கிரம் சோதனைய முடி. நீ எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறியோ அவ்வளவு சீக்கிரம் வேன். ஒன் கையிலதான் இருக்கு."

தர்மேந்திரன் இதை நம்பினார். வேறு வழியும் இல்லை. நம்புகிறவர்களை வைத்துத்தான் இப்படிப்பட்ட சங்கங்கள் மூன்று மாடி எழுப்புகின்றன.

டத்தோ பட்டம் வாங்கிய தலைவர் பத்துமலை பேச எழுந்தார். உட்கார்ந்திருந்த ஒன்பது பேரும் எழுந்து, அவர் கையசைத்ததும் உட்கார்ந்தார்கள்.

"நான் பால்வெட்டுக்காரியோட புள்ள," என்று தொடங்கினார். எந்தப் பேச்சையும் அவர் இப்படித்தான் தொடங்குவார். "எங்கம்மா வாளி தூக்குன தோளு எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது. அந்தத் தோளுக்கு மரியாதை வேணும்னா, நான் ஒரு எடத்துல போய் எறங்கும்போது கதவு சத்தமே கனமா கேக்கணும். ஆனா உறுப்பினர் காச வீணாக்க எனக்கு மனசு வரல. அதான் சிக்கனத்த ஆராய்ச்சி பண்ணச் சொல்லிருக்கேன். சிக்கனம்னா என்ன? கம்மியா வெச்சிக்கிட்டுக் கம்மியா செலவு பண்றதா? அதுக்குப் பேரு ஏழ்மை. நெறைய வெச்சிக்கிட்டுக் கம்மியா செலவு பண்றான் பாருங்க, அவன்தான் சிக்கனக்காரன். ஒண்ணுமே இல்லாதவன் எதை மிச்சம் பிடிப்பான்?"

பலத்த கைதட்டல். தர்மேந்திரனும் தட்டினார். தட்டிய பிறகுதான் ஒண்ணுமே இல்லாதவன் யார் என்பது அவருக்கு உறைத்தது.

"நாலு சிலிண்டர் வண்டி பாக்கலாமே டத்தோ? நல்ல சிக்கனம்," என்றார்.

அறை சிரித்தது. டத்தோவும் பெருந்தன்மையோடு சிரித்தார். "நாலு சிலிண்டர் சோறு டெலிவரி பண்றவங்களுக்குப்பா."

தர்மேந்திரன் முப்பது வருஷம் இஞ்சின்களோடு மல்லுக்கட்டியவர். தனக்குத் தெரிந்ததைப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். டவுனில் நின்று நின்று போகும்போது ஆறு சிலிண்டர்தான் கம்மியாகக் குடிக்கும். எட்டு சிலிண்டருக்குப் பலம் அதிகம், எடையும் அதிகம். நெடுஞ்சாலையில் ஒரே சீராகப் போனால் வித்தியாசம் குறையும். சில புது எட்டு சிலிண்டர் இஞ்சின்கள் தேவையில்லாதபோது நாலு சிலிண்டரைத் தானே அணைத்துக்கொள்ளும். ஓட்டுகிற கால் எப்படியோ, மினியாக், அதாவது பெட்ரோல், குடிப்பதும் அப்படித்தான். மற்றபடி இதை அறிய உயர்நிலைக் குழு எதுவும் தேவையில்லை, எந்தப் பட்டறையில் கேட்டாலும் சொல்வார்கள்.

இந்த உரை கூட்டக் குறிப்பில் இப்படிப் பதிவானது: "ஓட்டுநர் சோதனைக்கு முழு ஆதரவு தெரிவித்தார்."

ஈப்போவில் பழைய ஜப்பான் கார்களை இறக்கி விற்கும் கடை ஒன்று இரண்டு பெரிய கார்களைச் சோதனைக்கு இரவல் கொடுத்தது. கறுப்பு ஆறு, கறுப்பு எட்டு. நிறமும் பளபளப்பும் ஒன்றுதான், விலை மட்டும்தான் வேறு. முறை மிகவும் எளிது: தொட்டியை விளிம்பு வரை நிரப்பு, ஓட்டு, அதே பம்பில் மறுபடி நிரப்பு, எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று பார், ஓடிய கிலோமீட்டரை அதால் வகு. ஆறாம் வகுப்புக் கணக்கு. ஆனால் உயர்நிலைக் குழுவுக்கு ஆறாம் வகுப்பு எப்படிப் போதும்? அது விதிமுறைகளை வகுத்தது. காரில் நாலு பேருக்குச் சமமான பாரம் இருக்க வேண்டும் என்பது மூன்றாவது விதி.

தர்மேந்திரன் முகம் மலர்ந்துவிட்டது. "அண்ணே, நாலு பேர்தானே? நம்ம டயாலிசிஸ் ஆளுங்க நாலு பேரு இருக்காங்க! அவங்கள ஏத்திக்கிட்டு ஈப்போ போய் வந்தா சோதனையும் ஆச்சு, அவங்க வேலையும் ஆச்சு."

அர்ச்சுனன் கண்ணாடியைத் துடைத்தார். "தோல் சீட்டு தர்மேன். இரவல் காடி. அவங்க கையில ஊசி குத்தின எடத்துல ரத்தம் கித்தம் கசிஞ்சா யாரு பதில் சொல்றது? அப்புறம் அவங்க எடை வேற நெலையா இருக்காது. போகும்போது ஒடம்புல தண்ணி, வரும்போது தண்ணி இல்ல. அறிவியலுக்கு நெலையான எடை வேணும்."

அப்படியாக அரிசி மூட்டைகள் வந்தன. பத்துக் கிலோ மூட்டைகள் இருபத்தாறு. முன்னால் ஆறு, பின்னால் இருபது. சீட் பெல்ட் போடாவிட்டால் கார் மணி அடித்துக்கொண்டே இருந்ததால், மூட்டைகளுக்குச் சீட் பெல்ட்டும் போடப்பட்டது. முதல் சோதனை நாளில் தர்மேந்திரன் தாமானைத் தாண்டும்போது பஸ் நிறுத்தத்தில், தம்பியின் மோட்டார் சைக்கிள் இல்லாததால், மங்களமும் மற்ற இரண்டு பேரோடு வெயிலில் உட்கார்ந்திருந்தார். அரிசி மூட்டைகள் குளிர்சாதனக் காற்றில், பெல்ட் போட்டு, தோல் இருக்கையில் சாய்ந்தபடி அவர்களைக் கடந்து போயின. மங்களம் தம்பியையும் மூட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வையை எந்த மீட்டரிலும் அளக்க முடியாது. தர்மேந்திரன் முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஆனாலும் சோதனை முடிந்தால் வேன் வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார்.

இனி நான்காவது விதிக்கு வருகிறேன். சோதனை "இயல்பான பயன்பாட்டுச் சூழலில்" நடக்க வேண்டும். டத்தோவின் இயல்பான பயன்பாடு எது? சனிக்கிழமைகளில் விழாக்களுக்குப் போவது, பேசுவது, திரும்புவது. பேசி முடித்து, மாலையோடு வியர்வை வழிய வந்து காரில் ஏறும்போது உள்ளே பனி மாதிரி இருக்க வேண்டும். (சோதனை நாட்களில் அவர் போவது வேறு காரில், திரும்பும்போது அவருக்காகப் பின் இருக்கை மூட்டைகள் டிக்கிக்குப் போகும்.) ஆகவே அவர் மேடையில் இருக்கும் நேரமெல்லாம் கார் வாசலில் இஞ்சின் அணையாமல், குளிர்சாதனம் ஓடியபடி நிற்கும். இது டத்தோவின் வழக்கம் மட்டுமில்லை. இந்த ஊரில் பட்டம் வாங்கிய எல்லாருடைய வழக்கமும் இதுதான். ஒருவர் எவ்வளவு பெரிய மனிதர் என்பதை அவர் இல்லாதபோது அவருடைய கார் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதை வைத்துச் சொல்லிவிடலாம்.

ஆறு சிலிண்டர் சனிக்கிழமை: தாமான் மண்டபத்தில் பரிசளிப்பு விழா. ஈப்போவிலிருந்து போக வர நாற்பத்திரண்டு கிலோமீட்டர். மண்டப வாசலில் நின்றது நாலு மணி நேரம். பிடித்தது பதிமூன்று லிட்டர். லிட்டருக்கு மூன்று புள்ளி இரண்டு கிலோமீட்டர்.

எட்டு சிலிண்டர் சனிக்கிழமை: அதே மண்டபம், அதே தூரம். அன்று டத்தோவுக்குப் பொன்னாடை போர்த்தியவர்கள் அதிகம், அதனால் பேச்சும் அதிகம். நின்றது ஐந்து மணி நேரம். பத்தொன்பது லிட்டர். லிட்டருக்கு இரண்டு புள்ளி இரண்டு.

தர்மேந்திரன் அறிக்கையில் உள்ளதை உள்ளபடி எழுதினார். "இரண்டு கார்களும் ஓடியபோது குடித்ததைவிட நின்றபோது குடித்ததே அதிகம். காரணம் சிலிண்டர் அல்ல, உரை. உரை ஒரு மணி நேரம் குறைந்தால் எட்டு சிலிண்டரில் சுமார் இரண்டரை லிட்டர் மிச்சமாகும்."

இதைப் படித்து முடித்த உயர்நிலைக் குழு டத்தோ பக்கம் திரும்பியது.

"உரையக் கொறைக்கணும்னு சொல்றியா?" என்றார் டத்தோ.

"இல்ல டத்தோ, காடிய நிறுத்தி வெச்சாப் போதும்."

"காடிய நிறுத்திட்டா நான் உள்ள இருக்கேன்னு வெளிய யாருக்குத் தெரியும்?" டத்தோ நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். "எங்கம்மா வெயில்ல வெந்தாங்க. நானும் வேகணுமா? அப்ப எதுக்கு நான் முன்னேறுனேன்?"

குழுவுக்கு இன்னொரு சங்கடம். டத்தோவுக்கு எட்டு சிலிண்டர் மேல்தான் ஆசை என்பது கடைக்காரர் உள்பட எல்லாருக்கும் தெரியும். முடிவோ ஆறு சிலிண்டர் பக்கம் சாய்ந்து நின்றது. ஆகவே எட்டு சிலிண்டரின் அளவீட்டில் "வானிலைக் கோளாறு" இருந்திருக்கலாம் என்று கருதி, அதை மட்டும் மறுசோதனை செய்யத் தீர்மானம் போட்டார்கள்.

"வேன்?" என்றார் தர்மேந்திரன்.

"மறுசோதனை முடியட்டும் தர்மேன்."

மறுசோதனைச் சனிக்கிழமையும் அதே மண்டபம்தான். வசதி குறைந்தவர்களுக்கு உதவிப் பொருள் வழங்கும் விழா. என்ன உதவிப் பொருள்? அரிசி. எந்த அரிசி? அந்த அரிசியேதான். காரிலிருந்து மூட்டைகளை இறக்கி மேடைக்குக் கொண்டு போனார்கள். டத்தோ ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுப் படம் எடுத்துக்கொண்டார். பிறகு மைக்கைப் பிடித்து, "நான் பால்வெட்டுக்காரியோட புள்ள," என்று தொடங்கினார்.

கார் வெளியே உறுமிக்கொண்டு நின்றது. காலி இருக்கைகள், உள்ளே பனி. தர்மேந்திரன் மணியைப் பார்த்தார். பத்தேகால். சாலைக்கு அந்தப் பக்கம் பஸ் நிறுத்தத்தில் மூன்று பேர் இன்னும் உட்கார்ந்திருந்தார்கள். பஸ் வரவில்லை. பக்கத்தில் உடையப்பனின் சக்கர நாற்காலி. அன்று காய்கறி லாரிக்கு டயர் வெடித்திருந்தது. உடையப்பனின் மனைவி கலாதேவி குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பேச்சு குறைந்தது மூன்று மணி நேரம் போகும். ஈப்போவுக்குப் போய் வர ஒன்றரை மணி நேரம் போதும். தர்மேந்திரன் யோசித்ததெல்லாம் அவ்வளவுதான். காரைச் சாலைக்கு எதிர்ப்புறம் கொண்டு போய் நிறுத்திக் கதவைத் திறந்தார்.

"ஏறுங்க லா, சீக்கிரம்."

"திட்டுவாங்கடா," என்றார் மங்களம், ஏறிக்கொண்டே.

"மூணாவது விதிப்படி நாலு ஆளு பாரம் வேணும்க்கா. அரிசி எறங்கிருச்சு."

நாற்காலியை மடித்துப் பின்னால் போட்டு, உடையப்பனைத் தூக்கி முன்னால் உட்கார வைத்தார்கள். அவர் இருக்கையைக் கையால் தடவிப் பார்த்தார். "எட்டு சிலிண்டரா? சத்தமே இல்லையே மச்சான். பால் லாரி கியர் மாத்துனா பக்கத்துத் தோட்டத்துக்குக் கேக்கும்." அன்று வழி முழுக்கப் பழைய லாரிக் கதை பேசிச் சிரித்துக்கொண்டே போனார். நாலு பேரும் பதினோரு மணிக்கு இயந்திரத்தில் இருந்தார்கள். உடையப்பனைத் திரும்பக் கொண்டு வர, டயர் மாற்றிய காய்கறி லாரி சாயங்காலம் வந்துவிடும். தர்மேந்திரன் திரும்பி வந்து காரைப் பழைய இடத்தில் நிறுத்தியபோது ஒலிபெருக்கியில் டத்தோ தன் இளமைக் காலத்தை இன்னும் தாண்டியிருக்கவில்லை. முடித்து வந்து காரில் ஏறியவர், "நல்லா கூலா இருக்கு," என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

அன்றைய மீட்டர்: தொண்ணூறு கிலோமீட்டர், பதினைந்து லிட்டருக்குக் கொஞ்சம் மேல். லிட்டருக்கு ஐந்து புள்ளி ஒன்பது. கார் நிற்காமல் ஓடியதால் வந்த கணக்கு. ஆறு சிலிண்டரை அப்படி ஓடவிட்டிருந்தால் இன்னும் நன்றாகவே வந்திருக்கும். தர்மேந்திரன் எண்களை எழுதிக் கொடுத்தார். நாற்பத்திரண்டு எப்படித் தொண்ணூறு ஆனது என்று யாராவது கேட்டால் உள்ளதைச் சொல்லலாம் என்றிருந்தார். யாரும் கேட்கவில்லை. தங்களுக்கு வேண்டிய விடை வந்த கணக்கை யார் திருப்பிப் போட்டுப் பார்ப்பார்கள்?

ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம். அர்ச்சுனன் அறிக்கையை வாசித்தார். "ஆறு சிலிண்டர், மூன்று புள்ளி இரண்டு. எட்டு சிலிண்டர், ஐந்து புள்ளி ஒன்பது. எட்டு சிலிண்டரே சிக்கனமானது என்று அறிவியல் பூர்வமாக நிரூபணமாகியுள்ளது. ஏற்றுக்கொள்பவர்கள் கை தூக்கவும்."

பின்பக்கம் பிரியாணி அண்டாவின் மூடியைச் சரியாக அந்த நேரத்தில்தான் திறந்தார்கள். சங்கத்தில் எந்தத் தீர்மானமும் அந்த வாசனையில்தான் நிறைவேறும். எண்பது கைகள் மேலே போயின.

தர்மேந்திரன் எழுந்தார். "டத்தோ, அந்த அஞ்சு புள்ளி ஒன்பது எப்படி வந்துச்சுன்னு நான் சொல்லணும். நீங்க பேசிக்கிட்டிருக்கும்போது நான் டயாலிசிஸ் ஆளுங்கள அந்தக் காடியில ஏத்தி ஈப்போவுல விட்டுட்டு வந்தேன். காடி ஓடுச்சு, அதான் நல்லா வந்துச்சு. சிலிண்டருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

டத்தோவும் அர்ச்சுனனும் குனிந்து பேசிக்கொண்டார்கள். கண்ணாடி நன்றாகத் துடைக்கப்பட்டது.

"ஓட்டுநர் அனுமதியில்லாத பாரத்தை ஏத்தினது தப்பு," என்றார் அர்ச்சுனன். "ஆனா எண்ணு எண்ணுதான். அத மாத்த யாருக்கும் உரிமை இல்ல."

அடுத்த நாள் தர்மேந்திரனுக்கு ஓர் உறை வந்தது. உள்ளே இரண்டு தாள்கள். ஒன்று, சங்கத்தின் இரவல் காரைத் தவறாகப் பயன்படுத்தியதற்கு விளக்கம் கேட்கும் கடிதம். மற்றது, சோதனையைச் சிறப்பாக முடித்ததற்குப் பாராட்டுச் சான்றிதழ். இரண்டிலும் ஒரே கையெழுத்து.

வேன் விஷயம் ஒருவழியாக எடுத்துக்கொள்ளப்பட்டது. குழு வேனின் எரிபொருள் பதிவேட்டைப் பார்த்தது. ஒன்பது வாரமாக வேன் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. "சங்கத்தின் வாகனங்களிலேயே மிகச் சிக்கனமானது இதுவே எனக் குழு கண்டறிந்துள்ளது. பழுது பார்த்தால் இந்நிலை பாதிக்கப்படும். ஆகவே வேனை இப்போதுள்ள நிலையிலேயே பராமரிக்கப் பரிந்துரைக்கப்படுகிறது."

தர்மேந்திரன் இதைப் படித்தபோது கோபம் உடனே வரவில்லை. முதலில் வெட்கம்தான் வந்தது. இவர்களுக்காக அரிசிக்குப் பெல்ட் போட்டோமே, இவர்கள் பேச்சை நம்பி அக்காவை வெயிலில் விட்டுக் கடந்து போனோமே என்று கூசிப் போனார். கோபம் அதற்குப் பிறகு வந்தது, வந்தது போகவே இல்லை.

அந்த வாரம் காய்கறி லாரிக்காரர் மகள் கல்யாணத்துக்காகப் பாரிட் புந்தாருக்குப் போய்விட்டார். செவ்வாய்க்கிழமை உடையப்பன் டயாலிசிஸ் போகவில்லை. வியாழக்கிழமையும் போகவில்லை. கலாதேவி பதினோரு வாடகைக் கார்களை அழைத்தார். மூன்று வந்தன, நாற்காலியைப் பார்த்ததும் திரும்பின. ஆம்புலன்சுக்குச் சொன்னால், ஆபத்தான நோயாளிகள் முன்னால் இருக்கிறார்கள், காத்திருங்கள் என்றார்கள். சங்கத்துக்குப் போன் போட்டால், எல்லாரும் வெள்ளிக்கிழமை பூஜை வேலையில் இருப்பதாகப் பதில் வந்தது.

வெள்ளிக்கிழமை, தாமான் மண்டப வாசலில் புதுக் காருக்குப் பூஜை. பந்தல், நாதஸ்வரம், மேடை. எட்டு சிலிண்டருக்கு டத்தோவைவிடப் பெரிய மாலை. நாலு டயருக்கும் அடியில் நாலு எலுமிச்சம்பழம். இருக்கைகளில் பிளாஸ்டிக் உறை இன்னும் இருந்தது. அதை டத்தோ தம் கையால் கிழித்து முதல் ஆளாக உட்காருவார் என்று நிகழ்ச்சி நிரல் சொன்னது. அவர் உட்காரும்போது சில்லென்று இருக்க வேண்டுமே, அதனால் இஞ்சின் காலை எட்டு மணியிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது. தர்மேந்திரன் வெள்ளைச் சட்டையில் கார் பக்கத்தில் நின்றார். நிற்கச் சொல்லியிருந்தார்கள்.

"இது என் வண்டி இல்ல," என்று டத்தோ மேடையில் முழங்கினார். "இது உங்க வண்டி. இந்தச் சங்கத்தோட கடைசி உறுப்பினருக்கும் இதுல பங்கு இருக்கு!"

கைதட்டலுக்கு நடுவில் சக்கர நாற்காலி பந்தலுக்குள் வந்தது. கலாதேவி தள்ளிக்கொண்டு வந்தார், மங்களம் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டிருந்தார். உடையப்பனின் முகம் வீங்கியிருந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. மூச்சு ஒவ்வொன்றையும் இழுத்துத்தான் எடுத்தார். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. கலாதேவி நேராகக் காரிடம் போய் நாற்காலியை நிறுத்தினார்.

"எங்க வண்டின்னு சொன்னாருல்ல? ஏத்துங்க."

அர்ச்சுனன் ஓடி வந்தார். "கலா, அது ஒரு பேச்சுக்குச் சொல்றதும்மா. இன்னும் பூஜையே முடியல. டத்தோ உக்கார்றதுக்கு முன்ன வேற யாரும் உக்காரக் கூடாது. அடுத்த வாரம் ஒரு விண்ணப்பம் எழுதிக் குடு, மூணு நாளைக்கு முன்னயே குடுத்தா குழு பாக்கும்."

"அடுத்த வாரமா?" என்றார் மங்களம். "யோவ், இவரு மூச்சு விடறதப் பாரு. அடுத்த வாரம் விண்ணப்பத்த யாருக்குப் படிச்சிக் காட்டுவ?"

பந்தலில் இருந்த எண்பது பேரும் உடையப்பனைப் பார்த்தார்கள். பிறகு டத்தோவைப் பார்த்தார்கள். டத்தோ மைக்கைக் கையில் பிடித்தபடி மணி பார்த்தார். "நல்ல நேரம் முடிய இன்னும் இருபது நிமிஷம்தான் இருக்கு," என்றார். மைக் அணைக்கப்படாததால் அது தாமான் முழுவதும் கேட்டது.

தர்மேந்திரன் பின்கதவைத் திறந்தார். பிளாஸ்டிக் உறையைப் பிடித்து இழுத்தார்; அது நீளமாகக் கிழிந்தது. "தூக்குங்க லா!" என்று கத்தினார். அவர் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. "வேடிக்கையா பாக்குறீங்க? எத்தன தடவ கை தூக்குனீங்க, இப்பத் தூக்குங்கடா!"

பிரியாணி பரிமாற வந்திருந்த இரண்டு பேர்தான் முதலில் ஓடி வந்தார்கள். அவர்கள் உறுப்பினர்களே இல்லை. பிறகு இன்னும் நாலு பேர் வந்தார்கள். உடையப்பனைத் தூக்கிக் கிடத்தினார்கள், கலாதேவி தலைமாட்டில் உட்கார்ந்தார். மங்களம் முன்னால் ஏறிக் கதவைச் சாத்தினார். கார் எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு, மாலையை இழுத்துக்கொண்டு, பந்தலை விட்டு வெளியேறியது. மைக்கில் டத்தோ சொல்வது சாலை வளைவு வரை கேட்டது: "பாத்தீங்களா, பாத்தீங்களா, நம்ம வண்டி மொத நாளே சேவைக்குப் போவுது!"

ஈப்போவைவிடப் பக்கத்தில் இருந்த பத்து காஜா ஊர் மருத்துவமனைக்குப் பதினான்கு நிமிடம். அவசரப் பிரிவில் எதுவும் கேட்காமல் இழுத்துக்கொண்டு ஓடினார்கள். முதலில் ஆக்சிஜன், பிறகு டயாலிசிஸ் இயந்திரம். இரண்டு மணி நேரம் கழித்து வெளியே வந்த டாக்டர், பிழைத்துக்கொண்டார், இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் சொல்ல முடியாது என்றார். கலாதேவி தரையில் அப்படியே உட்கார்ந்து அழுதார்.

தர்மேந்திரனின் போன் அடித்தது. அர்ச்சுனன்.

"தர்மேன், எங்க இருக்க? காடிக்கு ஒண்ணும் ஆகலல்ல? சீட்டுல கறை கிறை?"

உடையப்பன் எப்படி இருக்கிறார் என்று அடுத்த கேள்வி வரும் என்று தர்மேந்திரன் காத்திருந்தார்.

"மீட்டர எழுதிட்டியா? மொத ஓட்டம், குறிப்பு வேணும். சரி, உடனே கொண்டு வந்துரு. டத்தோ இன்னும் மண்டபத்துலதான் நிக்கிறாரு."

"காடி வராதுண்ணே."

"என்னது?"

"வேன் ஓடுற அன்னைக்கு இந்தச் சாவிய வாங்கிக்குங்க. அதுவரைக்கும் இது எங்கிட்டதான் இருக்கும்."

"தர்மேன், இது திருட்டு. நான் போலீஸ்ல ரிப்போர்ட் பண்ணுவேன். ஒன்ன எங்க இருந்தாலும் தேடிப் பிடிப்பாங்க."

"தேட வேணாம்ணே. நானே சொல்றேன், எழுதிக்குங்க. செவ்வா, வியாழன், சனி. காலையில பதினோரு மணி. ஈப்போ டயாலிசிஸ் வாசல்ல நிப்பேன், வந்து பிடிக்கச் சொல்லுங்க."

போனை வைத்துவிட்டுத் தர்மேந்திரன் வாசலுக்குப் போனார். கார் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்து அக்காவின் கையில் கொடுத்தார். மங்களம் அதை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார்.